மேலே கொஞ்சம் காற்று

பழைய மாணவர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தபோது
நன்கொடை கேட்கிறார்கள் என்று நினைத்து
மின்கட்டண ரசீதுகளுக்கு அடியில் செருகிவைத்தேன்.
ஆலை மூடி அப்போது ஐந்து மாதம்.
வேறெதையோ தேடப்போய்ப் பிரித்தேன்:
ஆறு சனிக்கிழமைகள், நீரின் தரம் அறிதல்,
எங்கள் பட்டதாரிகளுக்குப் பாதிக் கட்டணம்.

எங்கள் என்ற சொல்லில் சற்று நின்றேன்.
விண்ணப்பப் பட்டியலில் நான் படித்த இடத்தின் பெயரே இல்லை.
பெரிய பெயர் ஒன்றில் அதைக் கரைத்து
இருபது ஆண்டுக்கு மேல் ஆகிறது.
இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு
கடைசியில் இருந்த "பிற" மீது விரல் வைத்தேன்.
புதிதில்லை. அந்தக் குன்றையே
பிறர் என்று எங்களுக்கு ஒதுக்கித்தானே கட்டினார்கள்.

டோங்காட்டிலிருந்து இரண்டு டாக்ஸி மாறி
வெஸ்ட்வில் ஏறினேன்.
குரங்குகள் மட்டும் அதே குரங்குகள்.
முதல் சனிக்கிழமையே ஒன்று என் ரொட்டியைப் பறித்துப்போய்
நூலகக் கூரையில் உட்கார்ந்து
மாங்காய் ஊறுகாயை மட்டும் வழித்தெறிந்தது.

வகுப்பில் பதினோரு பேர்.
துறைமுகத்தில் கணக்கெழுதிய ம்கீஸே,
மருந்துக்கடையை விற்றுவிட்ட லோகனாதன் படையாச்சி,
இரண்டாம் பிள்ளைக்குப் பின் திரும்பும் நொம்புலேலோ,
அவள் பை நிறைய ஈரத்துணி.
ஏன் வந்தீர்கள் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.
டீ நேரத்தில் கேட்டார்கள்.

வேலை ஆலோசகர் தான்டேகாவுக்கு இருபத்தாறு வயதிருக்கும்.
"சுயவிவரம் ஒரே பக்கம்" என்றாள்.
இருபத்தொன்பது அரவைப் பருவங்கள் என்றேன்.
"ஒரே பக்கம்."
சாற்றின் பிரிக்ஸ், பாகின் தூய்மை, சக்கையில் தங்கிய இனிப்பு
எல்லாவற்றின் மேலும் கோடிழுத்து
"துல்லிய அளவீட்டில் நீண்ட அனுபவம்" என்று எழுதினாள்.
பொய்யில்லை.
ஆனால் லாரி வரிசையில் காத்து நின்ற சிறு விவசாயிகளின் கரும்புக்கு
ஒரு புள்ளி குறைத்து எழுதச் சொன்ன மேலாளரிடம்
முடியாது என்ற அந்த வெள்ளிக்கிழமை
அதற்குள் இல்லை.
அதை எந்தத் தலைப்பில் போடுவது?
பேனாவைக் கடித்தபடி யோசித்தாள்.
"நேர்காணலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்."

சர்க்கரையை அளந்த கை
சாக்கடையை அளக்கப் பழகியது.
வெள்ளம் உடைத்த குழாய்களின் கசிவை
ஒரு மருந்தில் கலந்து ஒரு நாள் சூட்டில் வைத்தால்
மஞ்சளாகும்.
கறுப்பு விளக்கின் கீழ் நீலமாய் ஒளிர்ந்தால்
அது மலக்கிருமி.
ஐம்பத்தாறு வயதில் முதன்முறை பார்த்தேன்.
அவ்வளவு அழகு.
சொல்ல வெட்கமாக இருந்தது.
பக்கத்திலிருந்த ம்கீஸே சொல்லிவிட்டார்.

நேர்காணலில் வெள்ளிக்கிழமையைப் பற்றி யாரும் கேட்கவில்லை.
ஓட்டுநர் உரிமம் உண்டா, நீந்தத் தெரியுமா,
அவ்வளவுதான்.
ஒப்பந்தம் ஓராண்டு.
சம்பளம் ஆலையில் வாங்கியதில் பாதிக்குச் சற்று மேல்.
நீந்தத் தெரியாது என்று சொல்லிவிட்டுக்
கையெழுத்திட்டேன்.

இன்று காலை ஐந்தே முக்கால், உம்ங்கேனி முகத்துவாரம்.
தூண்டிலும் வாளியுமாக நின்றவர்
"இந்த மீனைச் சாப்பிடலாமா?" என்றார்.
நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.
"சமையல் இன்றைக்கு" என்றார்.
வேண்டாம் என்று சொல்ல என்னிடம் எண் எதுவும் இல்லை.
ஆனாலும் வேண்டாம் என்றேன்.
அவர் வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
தூண்டிலை மறுபடி வீசினார்.

புட்டியின் வாயை ஓட்டத்துக்கு எதிரே திருப்பி
முழங்கை நனைய அமிழ்த்தி எடுத்தேன்.
விளிம்புவரை நிரப்பக் கூடாது,
மேலே கொஞ்சம் காற்று விடவேண்டும்:
மூன்றாம் சனிக்கிழமைப் பாடம்,
குறிப்பேட்டில் இரண்டு முறை அடிக்கோடிட்டது.

சீட்டில் இடம், நேரம், நீரின் வெப்பம்.
எடுத்தவர்: தையல்நாயகி கவுண்டர்.
ஈரக் கை பட்டு மை பரவிவிட்டது.
இன்னொரு சீட்டு எடுத்தேன்.